வருஷம் வெட்டாத பெயர்

"உங்க ரத்தத்துல வேற யாரும் இல்லையாம்மா?"

டாக்டர் அப்படித்தான் கேட்டார். சித்தி கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள். எல்லாம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இதில் பாதியைச் சித்தி என்னிடம் சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, ஒரு சொல் மாறாமல். மீதி என் கண் எதிரே நடந்தது. அந்தக் கல்லை இந்தக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

சித்தி என்றால் என் சித்தப்பாவின் மனைவி. ஒரு துணிக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து துணிகளை அளவு திருத்துகிறவள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிடித்துத் தைப்பாள், ஜிப் மாற்றுவாள். அவளுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்துகொண்டு, ராத்திரி பகல் பாராமல் ஙொய்யென்று அழுதாள். அதனால் கொசு என்று கூப்பிட ஆரம்பித்தோம். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். வீட்டில் கொசுதான்.

கொசுவின் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. டாக்டர் படம் போட்டெல்லாம் விளக்கினார். எங்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பொருத்தமான ஒருவருடைய எலும்பு மஜ்ஜை கிடைத்தால் பிழைப்பாள். கிடைக்காவிட்டால் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் விடாமல் கை நீட்டினோம். அப்பா, அத்தை, அத்தையின் பிள்ளைகள், நான். ஒருவருக்கும் பொருந்தவில்லை. "கொசுன்னா ரத்தம் கேக்கத்தானே செய்யும், எல்லாரும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறீங்க?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். நர்ஸ் சிரித்தாள். சிரித்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் வரவில்லை.

மீதி இருந்தது சித்தியின் பக்கம். அங்கே யாரும் இல்லை. அவளுடைய அப்பா அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அவரைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அம்மாவை வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். இருவரும் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. சின்ன வயதில், நமக்குச் சொந்தக்காரங்களே இல்லையா என்று சித்தி கேட்டால் அவள் அம்மா சொல்வாளாம்: "எல்லாரும் செத்தாச்சு. நீ தூங்கு."

"உங்க அம்மா வழியில வர்றது அபூர்வமான வகை," என்றார் டாக்டர். "வெளியில கிடைக்கறது கஷ்டம். அந்தக் குடும்பத்துல யாராவது இருந்தா தேடிப் பாருங்க. சீக்கிரம்."

"எவ்வளவு சீக்கிரம்?"

டாக்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சித்தியின் கையில் இருந்தது ஒரு குடும்பப் பெயரும், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த ஓர் ஊரின் பெயரும் மட்டுமே. கொசுவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். முதலில் நகராட்சி அலுவலகத்தில் பழைய கணக்கெடுப்புத் தாள்களைக் கேட்டாள். அங்கே இருந்தவர், நாளைக்கு வாங்க என்றார். சித்தி அவர் மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதியத்துக்குள் தாள்கள் வந்தன. ஒரு கணக்கெடுப்பில் அந்த வீட்டில் ஆறு பேர். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். அடுத்ததில் நான்கு பேர். அதற்கு அடுத்ததில் இரண்டு. ஒரு வீடு தேய்ந்துகொண்டே போவதைத் தாளில் பார்ப்பது கொடுமை என்று சித்தி சொன்னாள்.

பிறகு நூலகம். பழைய செய்தித்தாள்கள் கீழ்த்தளத்தில் இருந்தன. அங்கே இருந்த அம்மாளுக்குத் தீராத சளி. கைக்குட்டையை மூக்கை விட்டு எடுக்காமலே பேசினாள்.

"என்ன தேடறீங்க?"

"மரண அறிவிப்பு."

"வர்றவங்க எல்லாம் வேலை விளம்பரம்தான் கேப்பாங்க. நீங்க ஒரு தினுசா இருக்கீங்க. உக்காருங்க."

சித்தி ஒன்றைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அறிவிப்பின் மேலே இருக்கிற பெயரால் ஒரு பயனும் இல்லை. அது போய்விட்ட பெயர். கீழே, பொடி எழுத்தில், இன்னாரின் தாயார், இன்னாரின் சகோதரர் என்று வருகிறதே, அதுதான் வேண்டும். அழுகிறவர்கள்தான் உயிரோடு இருக்கிறவர்கள். ஆனால் சில வருஷத்துத் தாள்களைப் புரட்டினால், கீழே இருந்த பெயர் மேலே ஏறியிருக்கும். முதலில் மூத்த மகன் ஏறினான். அப்பா ஏறினார். அம்மா ஏறினாள். இளைய மகன் ஏறினான். சித்தி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

ஒரே ஒரு பெயர் மட்டும் எல்லா அறிவிப்பிலும் கீழேயே இருந்தது. கடைசி மகள். சித்தியின் அம்மாவுக்குத் தங்கை. கடைசித் தாள் வரைக்கும் புரட்டியும் அது மேலே வரவே இல்லை.

அப்போதுதான் நூலகத்து அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே விளக்குல குனிஞ்சு கண்ணைக் கெடுத்துக்காதீங்க. இன்னொண்ணு போடட்டுமா?"

"நான் தனியாத்தானே வந்தேன்."

அம்மாள் சித்தியின் தோளுக்கு மேலே பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சளி பிடிச்சா கண்ணும் போயிடுது," என்று முனகிக்கொண்டே நகர்ந்தாள்.

சித்தி திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலி மேஜையிலிருந்து சற்று இழுத்துவிடப்பட்டிருந்தது. அதன் இருக்கை ஈரமாக இருந்தது.

அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மனசெல்லாம் அந்த ஒரு பெயரில் இருந்தது.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே. காவலாளி காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு வந்தார். "போன வருஷம்தான் வேலைக்கு வந்தேன். எனக்கு இந்த ஊர்ல உயிரோட இருக்கறவங்களையே தெரியாது," என்றார். இருந்தாலும் குடும்பப் பெயரைச் சொன்னதும் வரிசை வரிசையாகத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

சாம்பல் நிறக் கல். ஆள் உயரம். மேலே குடும்பப் பெயர். கீழே அப்பா, அம்மா, மூத்த மகன், இளைய மகன். நான்கு பெயருக்கும் பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், கல்லை யாரோ கொத்தி எடுத்த மாதிரி. பள்ளத்துக்கும் கீழே கடைசி மகளின் பெயர். பிறந்த வருஷம். ஒரு கோடு.

கோட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"இது என்ன?"

"குடும்பக் கல்லும்மா. முதல் ஆள் போகும்போதே எல்லார் பேரையும் சேர்த்து வெட்டி வச்சிடுவாங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா போகப் போக, இந்தப் பக்கம் வருஷத்தை மட்டும் வெட்டிக்கிட்டே வருவாங்க."

"இவங்களுக்கு வருஷம் வெட்டலையே."

"அப்ப ஆள் இருக்காங்க."

சித்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்து கல்லைக் கட்டிக்கொண்டாள். காவலாளி சங்கடத்தோடு ரேடியோவைத் திருகியபடி வாசல் பக்கம் போய்விட்டார்.

அப்போது மாலை ஐந்தரை. வெளிச்சம் மங்குவதற்குள் சித்தி கைப்பையிலிருந்து அளவு வெட்டுகிற மெல்லிய தாளை எடுத்தாள். கல்லின் மேல் விரித்தாள். துணியில் கோடு போடும் தட்டைச் சாக்கட்டியால் தேய்த்தாள். எழுத்துகள் தாளில் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

சர்... சர்... சர்...

பள்ளம் இருந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. வெறும் வெற்றிடம். சித்தி கையை எடுத்தாள்.

சர்...

கையை எடுத்த பிறகு ஒரு தடவை. கல்லுக்கு உள்ளேயிருந்து.

"அந்த இடத்துல ஒண்ணும் வராது."

பின்னால் ஒரு வயதான பெண் நின்றிருந்தாள். சாம்பல் நிற ஸ்வெட்டர். முக்கால் நரை. பாவாடையின் கரை நனைந்து, சேறு ஒட்டியிருந்தது. அந்த ஊரில் மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க...?"

"கடைசிப் பேரு."

"சின்னம்மா," என்றாள் சித்தி. அழுதுகொண்டே தான் யார் மகள் என்று சொன்னாள்.

"அக்கா மகளா? மூக்கு அப்படியே இருக்கு. பிடிவாதமும் இருக்கணுமே." அந்தப் பெண் சிரித்தாள். சத்தம் வரவில்லை. "எங்களைத் தேடிக்கிட்டு யாரும் வரல. எத்தனை நாளா பாத்துக்கிட்டு நிக்கறேன்."

பிறகு பள்ளத்தைக் காட்டினாள். "இங்கதான் உங்கம்மா பேரு இருந்துச்சு. அவ வீட்டை விட்டுப் போன அன்னிக்கு எங்க அப்பா உளியைத் தூக்கிட்டு வந்து, தானே கொத்திப் போட்டாரு. அன்னையிலேருந்து ஒரு இடம் காலி. எங்க ஒருத்தருக்கும் நிம்மதி இல்ல."

சித்திக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கொசுவைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரி, மஜ்ஜை, காலண்டர், எல்லாம். "ஒரே ஒரு தடவை வந்து ரத்தம் குடுத்துப் பாருங்க, சின்னம்மா. கால்ல வேணா விழறேன்."

"எந்த வருஷம் பொறந்தா?"

சித்தி சொன்னாள். வேறு எதையும் சின்னம்மா கேட்கவில்லை. என்ன வியாதி என்று கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"வர்றேன். வந்தா என்ன தருவ?"

"என்ன கேட்டாலும்."

அவள் விரலைப் பள்ளத்துக்குள் வைத்தாள். "இந்த இடத்தை நெரப்பணும்."

அம்மாவின் பெயரைத் திரும்ப வெட்டச் சொல்கிறாள் என்றுதான் சித்தி நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். "நெரப்பிடறேன், சின்னம்மா. சத்தியமா."

ஆஸ்பத்திரி முகவரியை எழுதிக் கொடுக்கப் பேனாவுக்காகக் கைப்பையில் குனிந்தாள். நிமிர்ந்தபோது யாரும் இல்லை.

கல் முழுக்கச் சாக்கட்டித் தூள் படிந்திருந்தது. பள்ளத்துக்குள்ளும் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரல் வைத்த தடம் அதில் இல்லை.

வாசலில் காவலாளி ரேடியோவைத் தணித்தார். "யாரும் வெளிய போகலையேம்மா. இருக்கறது ஒரே வாசல்."

ஆசை கண்ணை மறைத்துவிட்டது என்று சித்தி பின்னால் சொன்னாள். அப்போது எனக்குப் போன் செய்து, "கிடைச்சுட்டாங்கடி, கிடைச்சுட்டாங்க," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். தெருவிலே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் என்று குரலிலேயே தெரிந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை விட்டு அவள் நகரவில்லை. சித்தப்பா வாங்கி வந்த டீ அவள் கையிலேயே ஆறிப்போனது. நான் மேலே கொசுவின் பக்கத்தில் இருந்தேன். கொசு தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் நர்ஸ் எடுத்த ரத்தம் முந்தின நாளைவிட மோசம் என்று சொல்லியிருந்தார்கள்.

மதியம் மூன்று மணி சுமாருக்கு எனக்குக் கண் அசந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஏதோ ஈர வாடை அடித்தது. மண்ணும் தண்ணீரும் கலந்த வாடை. விழித்தேன்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டிருந்தது.

தரையில் ஈரக் கால்தடங்கள். கதவிலிருந்து கட்டில் வரை.

கட்டிலிலிருந்து கதவுக்குத் திரும்பிப் போன தடம் இல்லை.

"யாரு அது?" என்றாள் கொசு. கண் பாதிதான் திறந்திருந்தது. "கையைப் பிடிச்சாங்க. ஜில்லுனு இருந்துச்சு... எலும்பு வரைக்கும்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. விரலை எல்லாம் தடவித் தடவிப் பாத்தாங்க. அளவு எடுக்கற மாதிரி."

நான் கீழே ஓடினேன். சித்தி வாசலில் அதே இடத்தில் நின்றிருந்தாள். யாரும் உள்ளே வரவில்லை என்றாள்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் திரும்ப எடுக்கச் சொன்னார். திரும்ப எடுத்ததையும் நம்பவில்லை. மெஷின் சரியில்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பினார். எண்ணிக்கை ஏறியிருந்தது. அதற்கு அடுத்த நாளும் ஏறியது. கொசு எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்ட ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். "சில சமயம் இப்படி நடக்கும்," என்றார் டாக்டர். அவர் குரலில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சித்தி கிளம்பினாள். நானும் கூடப் போனேன். கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கொட்டகையில் கல் வெட்டுகிற பெரியவர் இருந்தார். புருவமெல்லாம் கல்தூள். அம்மாவின் பெயரை வெட்ட வேண்டும் என்று சொல்லி அவரை அழைத்துப் போனோம். வழியில் சித்தி சின்னம்மாவின் வீடு எங்கே என்று விசாரித்தாள்.

பெரியவர் நின்றுவிட்டார்.

"அந்த அம்மாவையா கேக்கறீங்க? பொதைச்சு பதினோரு வருஷம் ஆச்சே. நான்தான் கூட இருந்தேன். அடை மழை. குழியில தண்ணி நின்னுச்சு. தண்ணியிலதான் இறக்கினோம்."

"கல்லுல வருஷம் வெட்டலையே..."

"வெட்டச் சொல்ல ஆள் வேணுமேம்மா. அந்தக் குடும்பத்துல அவங்கதான் கடைசி. பேப்பர்ல போடக்கூட ஒருத்தர் இல்ல."

சித்தி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

கல்லின் முன்னால் வந்து நின்றோம். நான்தான் முதலில் பார்த்தேன்.

பள்ளத்துக்குள் ஒரு வருஷம் வெட்டியிருந்தது. பெயர் இல்லை. வருஷம் மட்டும். அதற்குப் பின்னால் ஒரு கோடு.

கொசு பிறந்த வருஷம்.

சித்தி கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். அன்றைக்குத் தேய்த்த தாள். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

பெரியவர் நகத்தால் எண்ணைச் சுரண்டினார். "இது நான் வெட்டினது இல்ல. புதுசும் இல்ல. பாசி உள்ள வரைக்கும் ஏறியிருக்கு. இருபது வருஷப் பாசி."

கொசுவுக்கே வயது ஒன்பதுதான்.

"கொத்தி எடுங்க," என்றாள் சித்தி.

அவர் உளியை வைத்தார். டக்... டக்... டக்... கல் சில்லுச் சில்லாகத் தெறித்தது. ஊதிவிட்டுப் பார்த்தார்.

உள்ளே அதே எண்.

இன்னும் கொத்தினார். ஒரு விரல் ஆழத்துக்கு.

அதே எண். அதே கோடு.

பெரியவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல கொத்தினா கல் உடைஞ்சிடும்."

சித்தி கல்லைக் கண்ணால் அளந்தபடி நின்றாள். துணியை வெட்டுவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் நிற்பாள். பிறகு சொன்னாள்:

"அது மேலயே என் பேரை வெட்டுங்க. என் வருஷத்தோட."

"உயிரோட இருக்கறவங்க பேரையாம்மா..."

"இந்தக் கல்லுல அதானே வழக்கம்? இடத்தை நெரப்பணும்னு சொன்னாங்க. யாரை வச்சு நெரப்பணும்னு சொல்லலயே. வெட்டுங்க."

"சித்தி, வேண்டாம்," என்றேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

பெரியவர் வெட்டினார். சித்தியின் பெயர். பிறந்த வருஷம். கோடு. கடைசிக் கோட்டை இழுத்து முடித்துத் தூளை ஊதியபோது, கொசுவின் வருஷம் அங்கே இல்லை. இருந்த தடமே இல்லை.

சின்னம்மாவின் கோட்டுக்குப் பின்னாலும் அவள் இறந்த வருஷத்தை வெட்டச் சொன்னாள். "பாவம், எவ்வளவு நாள் காத்துக்கிட்டு நின்னாங்களோ," என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில், யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கொசுவுக்கு ஸ்கூல் யூனிபார்ம் தைக்கணும். உயரமாயிட்டா. உள்ள நிறைய மடிச்சு வச்சுத் தைக்கணும், பிரிச்சு விட்டுக்கற மாதிரி," என்றாள்.

அன்றிலிருந்து தையல் மெஷின் ஓயவில்லை. கடை வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவாள். ஒன்று போதாதா, எதுக்கு இத்தனை என்று சித்தப்பா கேட்டார். துணி சல்லிசா கிடைச்சது என்றாள். பத்து வயசு அளவில் ஒன்று. பதினொன்று. பன்னிரண்டு. அலமாரியில் அடுக்கிக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் இருக்கும். பெரியவர் எனக்குப் போன் செய்தார். "நீ மட்டும் வா," என்றார்.

போனேன்.

சித்தியின் கோட்டுக்குப் பின்னால் வருஷம் வெட்டியிருந்தது.

இந்த வருஷம்.

"நான் வெட்டல," என்றார் பெரியவர். "தொட்டுப் பாரு."

தொட்டேன். எண்ணுக்குள் பாசி... ஈரமாக.

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொசு தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சித்தி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். தையலைத் தொடர்ந்தாள். அது பதினைந்து வயசு அளவு.

வாசலில் ஈர வாடை.

சாம்பல் நிற ஸ்வெட்டர். நனைந்த கரை. இந்தத் தடவை சின்னம்மா சிரிக்கவில்லை.

மெஷின் நின்றது.

சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்தாள். தைத்த துணியை மடித்து அலமாரியில் மற்றவற்றின் மேல் வைத்தாள். சாக்கட்டியை டப்பாவில் போட்டு மூடினாள்.

"எங்கம்மா போற?" என்றாள் கொசு, எழுதுவதை நிறுத்தாமலே.

சித்தி குனிந்து அவள் உச்சந்தலையில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.